சத்தம் போடும் ஜிப்

ஜிப் வைத்த கவரை எங்கள் ஊரில் திறப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கத்தரிக்கோலை எடுப்பார்கள். ஜிப்புக்குச் சரியாகக் கீழே, குறுக்காக ஒரே வெட்டு. ஜிப்பு துண்டாகக் குப்பைக்கூடைக்குப் போகும். அப்புறம் கவரின் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைப்பார்கள். பால் பாக்கெட்டும் எண்ணெய் பாக்கெட்டும் வெட்டியே பழகிய கைகள், என்ன செய்வது.

மற்றவர்களைச் சொல்வானேன். அந்தக் கவரையே தொழிலாகச் செய்கிற என் அண்ணன் வீட்டு அடுப்படியில் போய்ப் பாருங்கள், மல்லித்தூளிலிருந்து பிரியாணி மசாலா வரைக்கும் எல்லாம் ரப்பர் பேண்டில்தான் நிற்கும். மதினியிடம் கேட்டால், "ஜிப்ப யாரு தொறந்து தொறந்து மூடுறது, இது சுருக்கா வேல முடியுது" என்பார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மதினிக்காகத்தான் நான் ஜிப்புக்கு மேலே புள்ளிக்கோடு போட்டேன். ஓரத்தில் கையால் கிழிப்பதற்கு ஒரு சின்ன வெட்டும் வைத்தேன். கவரின் அளவு, ஜிப்பு நிற்கிற இடம், அடிமடிப்பு எல்லாம் வரைந்து கொடுப்பது என் வேலை. மிஷினும் ஆட்களும் அண்ணன் பொறுப்பு. தாடிக்கொம்பு ரோட்டில் எங்கள் ஷெட் இருக்கிறது. அச்சடித்த பிளாஸ்டிக் சுருள் ஒரு பக்கம், ஜிப்புச் சுருள் ஒரு பக்கம் ஓடி வந்து, சூடான இரும்புப் பட்டைக்குக் கீழே இரண்டும் ஒட்டி, வெட்டுப்பட்டு, கவராக விழும். விழுந்ததைப் பெண்கள் எண்ணிக் கட்டாகக் கட்டுவார்கள்.

எங்கள் அத்தா தோல் வியாபாரி. தோலின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். அண்ணனுக்கு அந்த விரல் வந்தது, எனக்கு அத்தாவின் வாய் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு கவரை உருவி, ஜிப்பின் மேல் கட்டைவிரலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டுவார் அண்ணன். ஜிப்பு என்பது இரண்டு உதடுதான். ஒன்றில் மேடு, ஒன்றில் பள்ளம். மேடு பள்ளத்தில் போய் விழுகிறதா என்று விரலே அவருக்குச் சொல்லிவிடும். அவர் தலையை ஆட்டினால்தான் கட்டு வண்டி ஏறும். வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். "பாய் பாத்துட்டாரா?" என்றுதான் போனில் முதல் கேள்வியே வரும்.

நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் மல்லிகைக்கு ஜிப்பு கவர் கேட்டு வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் அண்ணன் கோபித்துக்கொள்வார். செய்து கொடுத்தோம். மூடி வைத்த பூ உள்ளே வேர்த்து, வாடி, நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டது. மறுபடி யோசித்துக் கவர் முழுக்க ஊசித்துளை போட்டோம். பூ பிழைத்தது. "மூடவும் செய்யணும், மூடவும் கூடாது, இப்படி ஒரு கவர நாமதான் செய்வோம்" என்று அண்ணன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் சிரிக்கும்போது தோள் மட்டும்தான் குலுங்கும். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

போன வருடம் ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கை இலைப் பொடி போடுகிறவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்களிடம் ரொம்ப நாளாகக் கவர் வாங்குகிறவர். பைக்குள் எங்கள் கவர்கள். காற்றுப் புகுந்து உள்ளே பொடி கட்டி கட்டியாக உறைந்திருந்தது. மனுஷன் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவரோ அண்ணனைப் பார்த்து, "ஏனுங்க பாய், இது நீங்க பாத்து உட்டதுதானுங்களே? அப்படின்னா மூடத் தெரியாம என் கையிலதான் ஏதோ கோளாறுங்க" என்றார்.

ஜிப்பில் பொடி சிக்கியிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அதே லோடில் மிச்சமிருந்த ஒரு காலிக் கவரை எடுத்து அண்ணன் விரலை ஓட்டினார். "நல்லாத்தானே இருக்கு" என்று என்னிடம் நீட்டினார். நான் தொட்டதுமே தெரிந்தது. சூடு கூடிப்போய் ஜிப்பின் மேடு நசுங்கிக் கிடந்தது. இரண்டு உதடும் ஒன்றை ஒன்று பிடிக்கவே இல்லை. அதை வாயைத் திறந்து சொல்லப் போன நேரத்தில்தான் அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். நுனியில் கொப்புளம் உடைந்து தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. சூட்டுப் பட்டையில் வைத்திருக்கிறார். எப்போது சுட்டது என்று கேட்டேன். யாருடைய விரலையோ பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலையேம்மா" என்றார்.

ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு வேறு கவர் தருவதாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வெகுநாளாக உண்டு, டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பில் உணர்ச்சி குறைந்துவிட்டது, போனது திரும்பாது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மதினி அழுதார். மிஷின் பக்கமே போக வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அதற்கு ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அங்கேதான் பயம் வந்தது.

ஷெட்டுக்கு வந்தார். ஆனால் கட்டைத் தொடவில்லை. வாசல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். கட்டுகளை நான்தான் பார்த்து அனுப்பினேன். தோள் குலுங்குகிற சிரிப்பும் நின்று போனது. ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "வெரல் செத்துப்போச்சு. இனி நான் இங்க காவக்காரன்தான். நாளையிலருந்து வரல."

"வராம இருந்து பாருங்க, உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சண்ட போடுவேன்" என்றேன். போட்டும் இருப்பேன், அது அவருக்கும் தெரியும். அந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்தால் ரெண்டே மாதத்தில் ஆள் கரைந்துபோவார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

எங்களுக்கு ஜிப்புச் சுருள் தருகிற வியாபாரி முன்பு எப்போதோ ஒரு புதுச் சரக்கைக் காட்டியிருந்தார். அந்த ஜிப்பு நெடுக பொடிப்பொடியாகப் பல் இருக்கும். மூட மூட நறநறவென்று சத்தம் வரும். விலை கூட என்று அன்று வேண்டாமென்று சொல்லியிருந்தேன். இப்போது நானே போன் போட்டுக் கேட்டு வரவழைத்தேன். அண்ணனிடம், வயசானவர்களுக்குக் கவர் மூடியதா இல்லையா என்று தெரிவதில்லை, இதில் காதிலேயே தெரிந்துவிடும் என்று விளக்கினேன். "வயசானவங்களுக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்ச் சுருளை அவரே மாட்டினார்.

முதல் கவர் விழுந்தது. எடுத்து விரலை ஓட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? பக்கத்தில் மிஷின் கத்துகிறது, பின்னால் கம்ப்ரசர் கத்துகிறது. இதை நான் யோசிக்கவே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் நேரே போய் மெயினை அணைத்தேன். எண்ணிக்கொண்டிருந்த பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். ஷெட் அமைதியானது. மறுபடி ஓட்டினார். நறநறவென்று முனையிலிருந்து முனைவரைக்கும் கேட்டது. இன்னொன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஓட்டினார். மூன்றாவதாக எடுத்ததில் முகம் சுருங்கியது.

"இதுல பாதியில சத்தம் அமுங்குது. சூட்டக் கொறைங்கப்பா" என்றார் மிஷின்காரரிடம்.

நான் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் அண்ணன் திரும்ப வந்துவிட்டார், எனக்கு வேறென்ன வேண்டும்.

இப்போதெல்லாம் கட்டு பார்க்கிற நேரம் வந்தால் மிஷினை நிறுத்திவிடுவோம். எண்ணுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது வந்தால் கரண்ட் போய்விட்டதா என்று கேட்பார்கள். வேலை கொஞ்சம் பிந்தத்தான் செய்கிறது, பிந்தட்டும். ஒட்டன்சத்திரத்துக்காரருக்கும் அந்த ஜிப்பிலேயே கவர் போட்டுக் கொடுத்தோம். சத்தத்துக்காகவே பிள்ளைகள் கவரைத் திறந்து திறந்து மூடி, பொடியெல்லாம் வீடு முழுக்கச் சிந்துகிறதென்று இப்போது புதுப் புகார் சொல்கிறார். மதினி வழக்கம்போல ஜிப்புக்குக் கீழேதான் வெட்டுகிறார்.

போன வாரம் ஷட்டரை இறக்கும்போது அண்ணன் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "வயசானவங்களுக்குன்னு சொன்னியே. அந்த வயசானவன் யாருன்னு தெரியாமயா நான் சுருள மாட்டுனேன்?"

நான் பூட்டைத் தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

"காதும் போச்சுன்னா நீயே எங்கிட்டச் சொல்லிரு. இன்னொருத்தர் கவரத் தூக்கிட்டு பஸ்ஸுல வந்து சொல்ற மாதிரி வச்சிராத" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் ஜிப்பு வியாபாரிக்குப் போன் போட்டேன். அவரிடம் இன்னொரு தினுசு இருக்கிறதாம். ஒரு உதடு மஞ்சள், ஒரு உதடு நீலம். சரியாக மூடினால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பச்சையாகத் தெரியும். ஒரு முழத் துண்டு மட்டும் அனுப்பச் சொல்லி வாங்கினேன். அண்ணனிடம் இன்னும் காட்டவில்லை, என் மேசை டிராயரில் இருக்கிறது. அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.