பெரகலை மலையில் ஒரு பாய்மரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் என் ஒன்றரை வயது மகள் வசந்தியும் பதுளையிலிருந்து பெரகலைக்குப் புறப்படும் பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் ஒரு ரூபாய் இருபது சதம். மடியில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கவில்லை. கூடையில் கொதித்தாறிய தண்ணீர் இரண்டு போத்தல், பிள்ளைக்கு மாற்றுடுப்புகள், பிஸ்கட், இருமலுக்கு மருந்து. “ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவா?” என்று என் கணவர் கேட்டதால் பிள்ளையைப் போர்த்தும் துவாயை எடுத்து வெளியே வைத்தேன். பஸ் அசைந்ததும் அதை ஏன் எடுத்தேன் என்று தோன்றியது.

போகும் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரகலைச் சந்தியிலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தம்பி ராசன், தொழிற்சாலையில் தேயிலை பதமாக்குவதைக் கவனிக்கும் டீமேக்கராக இருக்கிறான். அவனுடைய சாதகத்தில் இருபத்தைந்து வயதுவரை தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. இப்போது அவனுக்கு இருபத்துமூன்று. காரைநகரில் பிறந்தும் அவனைக் கடற்கரைப் பக்கம் விடாமல் வளர்த்தோம். கடலே இல்லாத இடமாகத் தேடித்தான் மலைநாட்டு வேலைக்கு அனுப்பினோம். அங்கே சீமைக்குத் திரும்பிய பழைய துரை தன்னுடைய சிறிய பாய்ப்படகை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தோட்டத்துக் குளத்தில் ராசன் அதை ஓட்டப் போகிறான் என்று கேள்விப்பட்டதும், பதுளையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த அம்மா அன்று சோறு தொடவில்லை. மாமா அவனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கணக்கர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். “கையோடை கூட்டிக்கொண்டு வா. நாளைக்கு ரயிலிலை என்னோடை வரட்டும்” என்றார் அம்மா.

நான் படித்தவள். சாதகத்தை நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். நம்பவில்லை என்று சொல்லவும் தைரியமில்லை.

பண்டாரவளையில் பஸ் கால்மணி நேரம் நின்றது. ஹப்புத்தளையில் குளிர்காற்று யன்னல் வழியே அறைந்தது. வெளியே எடுத்து வைத்த துவாயை நினைத்துக்கொண்டேன். அதற்கப்பால் பாதை மலையின் விளிம்பிலே இறங்குகிறது. ஒரு பக்கம் செங்குத்தான தேயிலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. மிகக் கீழே நீல நிறத்தில் தாழ்நாடு. வசந்தி கைதட்டிச் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்பதரைக்குப் பெரகலை. தோட்டத்து லொறியுடன் டிரைவர் செல்லையா காத்திருந்தார். லொறியின் பின்னால் தேயிலைப் பெட்டி கட்டும் பெரிய கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது.

“இன்னைக்கு ஐயா கப்பலுக்கு மரம் ஏத்துறாருங்க. நீங்களும் வந்துட்டீங்க, இனி கவலயில்ல. யாழ்ப்பாணத்து ஆளுங்க, கடலப் பாத்து வளந்தவங்க. நாங்க மழத்தண்ணியத் தவிர வேற என்னத்தக் கண்டோம்?”

என் அனுபவம் முழுவதும் ஊர்காவற்றுறைத் துறையில் ஓடும் வள்ளத்தில் வாந்தி எடுத்ததுதான் என்று அவரிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்குக் குளக்கரைக்கு வந்தோம். தொழிற்சாலையின் மின்சாரத்துக்காக ஓர் ஓடையை மறித்துத் தேக்கிய குளம். மாசி மாதமானதால் தண்ணீர் இறங்கி, கல்லால் கட்டிய மதகுச் சுவர் ஆள் உயரத்துக்கு மேலேயே வெளியே தெரிந்தது. வெள்ளைப் படகு ஒன்று கரையோரம் மிதந்தது. பாய்மரம் பதினாறு அடி. கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வருடம் முட்டுக்கொடுத்து நின்றதாம். படகின் நடுப்பலகையில் ஒரு துளை. அதன் வழியே மரத்தின் அடி இறங்கி அடித்தட்டிலுள்ள குழியில் பொருந்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ராசன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஓடிவந்தான். மெலிந்திருந்தான். பிள்ளையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, “அம்மா என்ன சொல்லி அனுப்பினவ எண்டு எனக்குத் தெரியும்” என்றான்.

“தெரிஞ்சால் பெட்டியைக் கட்டு. உனக்கு நீந்தத் தெரியுமே?”

“நீங்கள் விட்டாத்தானே பழகிறதுக்கு!” பிறகு கையை நீட்டித் தெற்கே காட்டினான். “விடிய வெள்ளன இந்த மேட்டிலை நிண்டால் கடல் தெரியுது அக்கா. ஒரு கோடு மாதிரி. எத்தினை நாளைக்குப் பார்த்துக்கொண்டே நிக்கிறது?”

அவனே ஒரு முடிவு சொன்னான். “பின்னேரம் மூண்டு மணிக்குள்ளை மரம் ஏறாட்டில், உன்னோடை வாறன். ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். ஏறினால் என்னை என்ரை விருப்பத்துக்கு விடவேணும்.”

சம்மதித்தேன். பாய்மரத்தைப் பார்த்தபோது சம்மதிப்பதில் ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை.

முதலில் படகை அரைவாசி கரையில் இழுத்து வைத்து, மரத்தின் நுனியில் கயிறு கட்டி, மூங்கில்களால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார்கள். மரம் பாதி எழும்பியதும் படகு ஒரு பக்கம் சாய, எல்லோரும் “விடு விடு” என்று கத்திக்கொண்டு விலக, மரம் தண்ணீரில் விழுந்தது. கொழுந்தெடுக்கும் லெட்சுமி வசந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள்.

“ஐயா, கப்பலு குளிக்கப் போவுதுங்களா, இல்ல மரமுங்களா?”

“நீ பிள்ளையைப் பார், லெட்சுமி!”

“பிள்ள சமத்தா இருக்குங்க. ஐயாவத்தான் பாக்க வேண்டியிருக்கு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளை அவள் இடுப்புக்கு எப்போது மாறினாள் என்று அப்போதுதான் யோசித்தேன். திரும்ப வாங்கலாமா என்று பார்த்தேன். வசந்தி அவளுடைய மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டேன்.

அடுத்து, இரண்டு யூக்கலிப்டஸ் மரங்களைக் கத்திரிக்கோல் போல் கட்டி நிறுத்தினார்கள். மலைமேலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் இறக்கும் சில்லு ஒன்றை அதில் தொங்கவிட்டு, லொறிக் கயிற்றை அதன் மேலாக ஓடவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. இழுத்ததும் ஒரு கால் சேற்றில் புதைந்து, கத்திரிக்கோல் மெதுவாகப் படுத்துவிட்டது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. மதகுச் சுவரின் மேல் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். பிள்ளை எட்டிப் பார்த்துவிடக்கூடாதே என்று அவளுடைய சட்டையைப் பிடித்தபடி நானே கீழே எட்டிப் பார்த்தேன். நேர் கீழே தண்ணீர். எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் வாளியோடு துலாக்கொடி நேராக இறங்குவது நினைவுக்கு வந்தது. மரத்தைக் கீழேயிருந்து தூக்குவானேன்? படகை இந்தச் சுவரடிக்குக் கொண்டுவந்தால், மேலேயிருந்து இறக்கிவிடலாமே.

ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் தம்பி அன்றிரவே பதுளைக்கு வந்துவிடுவான், அம்மா சாப்பிடுவார், கண்டம் கழியும்வரை நல்ல கட்டாந்தரையில் உட்கார்ந்து கணக்கெழுதுவான். நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

மூங்கிலை மாற்றிப் பார்த்தார்கள். கல் அடுக்கிப் பார்த்தார்கள். இரண்டேகால் மணிக்கு ஆட்கள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ராசன் என்னிடம் வந்தான். கோபப்படுவான், இன்னும் ஒரு மணி நேரம் கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

“சரி அக்கா. வாறன். உடுப்பு எடுத்து வைக்கக் கொஞ்ச நேரம் தா” என்றான்.

திரும்பிப் போய், செல்லையாவின் கயிற்றைச் சேறு போகக் கழுவினான். பாயைப் புல்லில் விரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, சுருக்கம் விழாமல் நீவி நீவி மடித்தான். அவனைப் பார்க்காமல் இருக்க நான் பிள்ளையின் பக்கம் திரும்பினேன். பிள்ளையும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராசன், மரத்தை ஏன் கீழையிருந்து தூக்கிறாய்? சுவரிலையிருந்து இறக்கேலாதே? துலாக்கொடி இறங்கிற மாதிரி?”

அவன் சுவரைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இது எப்ப உனக்குத் தோன்றினது?”

“சாப்பிடேக்கை.”

“பிறகேன்...” என்று தொடங்கியவன், படகை நோக்கி ஓடினான்.

படகைச் சுவரடிக்குக் கொண்டுவந்து, மேலே மதகுக் கதவைத் தூக்கும் இரும்புச் சட்டத்தில் சில்லைக் கட்டினார்கள். சுவர் விளிம்பில் சாக்கு விரித்து, மரத்தின் அடிப்பக்கத்தை வெளியே தள்ளினார்கள். நடுவுக்குச் சற்று மேலே கட்டிய கயிற்றைச் செல்லையாவும் நான்கு பேரும் பிடிக்க, மரம் சாய்ந்து நிமிர்ந்து நேராகத் தொங்கியது. ராசன் படகிலிருந்து அதன் அடியைக் கட்டிப்பிடித்துத் துளைக்கு வழிகாட்டினான். “விடுங்கோ, விடுங்கோ, மெல்ல!” ஆள் போதாமல் பக்கக் கயிறு ஒன்றை என் கையில் தந்தார்கள். அது உள்ளங்கையை உரித்தது. மரம் குழியில் உட்கார்ந்த சத்தம் சுவர்வரை கேட்டது. மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

“அம்மா கடலுக்காரங்கன்னு நான்தான் அப்பவே சொன்னேனே!” என்று என்னைக் காட்டினார் செல்லையா.

“கெணத்துக்காரங்க” என்று லெட்சுமி திருத்தினாள்.

மரம் ஆடாமலிருக்கத் தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவி ஆப்பு அடித்தார்கள். விழுந்தாலும் மிதக்கட்டுமென்று, மூடி இறுகிய இரண்டு வெற்று மண்ணெண்ணெய்த் தகரங்களைத் தம்பியின் முதுகில் நானே கட்டினேன். ஒரு முடிச்சுப் போட்டேன், போதாதென்று இன்னொன்று.

“என்னைப் பொதி ஏத்திச் சந்தைக்குக் கொண்டு போறியே அக்கா?” என்றான்.

“வாயை மூடு. கரையை விட்டுத் தூரம் போகாதை. அடுத்த கிழமையே நீந்தப் பழகு.”

“ஓம்.”

“ஓமெண்டால்?”

“ஓமெண்டால் ஓம்.”

நாலு மணிக்கு லொறி புறப்பட்டது. பெரகலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கைகாட்டிய தம்பியின் உருவம் தேயிலைக்குள் மறைந்தது. மேல்வளைவில் நான் சொல்லாமலே செல்லையா லொறியை நிறுத்தினார். கீழே குளம் கைக்கண்ணாடி அளவில் கிடந்தது. அதில் வெள்ளைப் பாய் விரிந்து, குளத்தின் நடுவுக்கே போய்விட்டது. ஒரு பக்கம் சாய்ந்தது. நான் செல்லையாவின் தோளைப் பிடித்துவிட்டேன். பாய் நிமிர்ந்து, திரும்பி, வட்டம் போட்டுக்கொண்டு மதகுப் பக்கமே வந்தது. திருப்பத் தெரிந்து திருப்பினானா, காற்று திருப்பியதா என்று தெரியவில்லை.

ஊரில் கடலை வீட்டுப் பின்வளவில் வைத்துக்கொண்டு அவனுக்குக் காட்டாமல் வளர்த்தோம். இந்த மலையில் அவனே ஒன்றைத் தேடிக்கொண்டுவிட்டான். நாங்கள் செய்தது சரிதானா என்று பதுளை வரும்வரை யோசித்தேன். இன்று நான் செய்தது சரியா என்பதையும் யோசித்தேன். பிள்ளை மடியில் தூங்கினாள்.

மரம் ஏறிவிட்டது, அதனால் தம்பி வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் அதை எப்படி ஏற்றினார்கள் என்று அம்மா கேட்பார். அதைத்தான் முதலில் கேட்பார்.