பள்ளத்துத் தெருக் கதவு

தலைக்கு மேலே எத்தனை மாடி என்பதைப் பற்றிப் பெரியக்காவுக்கு அக்கறையே கிடையாது. நூற்றுப் பதினெட்டு மாடி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்! அவள் ஆத்திரமெல்லாம் கீழே இருந்த ஒரே ஒரு கதவின் மேல்தான்.

அங்கே கூட்டித் துடைக்கும் பத்தொன்பது பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். கட்டடம் திறப்பதற்கு முன் கண்ணாடியில் அப்பியிருந்த சிமெண்டைச் சுரண்டிய காலத்திலேயே 'பெரியக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பஸ் நிற்பது பின்பக்கம், பள்ளத்துத் தெருவில். இறங்கினால் எதிரிலேயே பின்கதவு. திறந்தால்தானே! எப்போதும் பூட்டு. மேட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போக இருபது நிமிடம் ஆகும். அதற்குள் விரல் வைக்கும் மெஷின் 'லேட்' என்று காட்டிவிடும். ஏற்றம் ஏறி ஏறி அவள் முழங்கால் வீங்கிவிட்டது. ஆறு வருடத்தில் பதினோரு மனு கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் 'பாதுகாப்புக் காரணம்' என்றே பதில் வந்தது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜரே வந்து பூட்டைக் கழற்றினார். சங்கதி அப்புறம்தான் தெரிந்தது. உலகின் உயரமான கட்டடங்கள் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு இரண்டு மீட்டர் குறைகிறதாம். ஆட்கள் நடந்து வந்துபோகும் வாசல்களில் எது தாழ்வோ, அங்கிருந்துதான் உயரத்தை அளப்பார்களாம். பின்கதவு முன்வாசலைவிட நான்கு மீட்டர் தாழ்வு.

"அளக்க வர்றவர் உங்களைக் கேப்பாரு பெரியக்கா. தினமும் இந்த வழியாத்தான் வர்றோம்னு சொல்லிடுங்க. இனிமே இந்தக் கதவு உங்களுக்குத்தான்."

"ஆறு வருஷமா என் முழங்கால் உங்க கண்ணுல படல. ரெண்டு மீட்டர் குறைஞ்சதும் கதவு மட்டும் கண்ணுல பட்டுடுச்சாக்கும்!"

"அட, பழசை விடுங்களேன்."

 பெரியக்கா தன்னோடு வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். அளக்க வந்தவர் கேட்டதும், "ஆமா சார், தினமும்தான்," என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று வாரம் பின்கதவு வழியாக நிம்மதியாக வந்துபோனார்கள். மூன்றாம் இடமும் கிடைத்தது. மேனேஜர் கோட்டு மாட்டிக்கொண்டு வளைத்து வளைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கினால், கதவில் பூட்டு!

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"என்ன சார் இது அநியாயம்?"

"அதான் அளந்தாச்சே பெரியக்கா. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல? சுத்தி வாங்க."

அவரிடம் நியாயம் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. பெரியக்கா போனை வைத்தாள். அளந்தவர் கொடுத்துவிட்டுப் போன, போன் நம்பர் போட்ட அட்டை பையில் இருந்தது. பேசினால் வேலை போய்விடும் என்று பக்கத்தில் நின்றவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "போனா போகட்டும்டீ," என்று கையை உதறிவிட்டு எண்களை அழுத்தினாள்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். இந்தக் கதவு பூட்டியேதான் கிடக்கும். இப்பவே வந்து பாருங்க. நாங்க இருபது பேரும் வெளியிலதான் நிக்கிறோம்."