ஓராளுக்கு எவ்வளவு அரிசி

உணவுக் குறிப்புத் தாளில் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்கள். எல்லாவற்றையும் அண்ணை நிறைத்திருந்தார். திங்கள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், செவ்வாய் இடியப்பமும் சொதியும், வெள்ளி மரக்கறிச் சோறு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சிகிச்சை நிலையத்தின் சிறிய அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் உணவு ஆலோசகரான ஓர் ஆங்கிலப் பெண், இந்தப் பக்கம் எழுபது வயதைத் தொட்ட அண்ணை, நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான். மாச்சத்து, புரதம், நார்ச்சத்து என்று என் சிறு கொப்பியில் சொற்களை எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருவர் ஒருவேளைக்கு உண்ணும் அளவான 'போர்ஷன்' என்பதற்கு மட்டும் நல்ல சொல் அகப்படவில்லை. 'பங்கு' என்று சொல்லிப் பார்த்தேன். பங்கு என்றால் இன்னொருவர் வேண்டுமே என்று அப்போதே தோன்றியது.

அண்ணைக்கு நீரிழிவு. முந்தைய மாதம் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கி, பஸ் தரிப்பில் மயங்கி விழுந்திருந்தார். எடையும் குறைந்துகொண்டே வந்தது. தாளில் இருந்த சாப்பாட்டைப் பார்த்தால் அப்படி நடக்க நியாயமில்லை. வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் ஆலோசகர். அதை நான் தமிழில் சொன்னேன். என் கண் தாளை விட்டு அகலவில்லை. அந்த எழுத்தை, முக்கியமாக நீண்ட வால் வைத்த 'ழ'வை, எனக்குத் தெரியும். லண்டனுக்கு வந்த புதிதில் டூட்டிங்கில் ஒரு கடையில் நாள்தோறும் சாப்பிட்டேன். வாசல் கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதிப்போட்டவர் அங்கே உள்ளே நின்று சமைத்த இதே அண்ணைதான். திங்கள் புட்டு, செவ்வாய் இடியப்பம். கடை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. அவர் அந்தப் பலகையைத்தான் தாளில் எழுதியிருந்தார்.

சொன்னதை மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும், நோயாளியுடன் தனியாகப் பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அன்று வாய் திறக்காமல் வீட்டுக்குப் போனேன். அவர் மறுபடி விழுந்தால் என்ற நினைப்பு இரண்டு கிழமை என்னை விடவில்லை. அடுத்த முறை, உள்ளே கூப்பிடுவதற்கு முன் அவர் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன்.

"அண்ணை, நீங்கள் எழுதினது டூட்டிங் கடைச் சாப்பாடெல்லோ?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அங்க சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்."

"உண்மையை எழுதினா தேத்தண்ணியும் ரஸ்க்கும்தான். ஏழு நாளும் அதையே எழுத வெக்கமாக் கிடந்தது, தங்கச்சி."

"நீரிழிவுக் குளிசையைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் விட்டா திரும்பவும் விழுவியள். இதை நான் அவவுக்குச் சொல்ல ஏலாது. நீங்கள்தான் சொல்லவேணும்."

உள்ளே போனதும் சொன்னார். மனைவி இறந்துபோன பிறகு அடுப்பு மூட்டவில்லை என்றார். இவ்வளவு காலம் சமையல் வேலை செய்தவர் ஏன் சமைக்கவில்லை என்று ஆலோசகர் கேட்டார்.

"கடையில அறுபது பேருக்குச் சமைச்சனான். வீட்டில மனிசிதான் சமைச்சவ. ஓராளுக்கு எவ்வளவு அரிசி போடுறதெண்டு எனக்குத் தெரியாது."

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆலோசகர் மருத்துவருடன் பேசி, அன்றே குளிசையின் அளவைக் குறைக்க வைத்தார். தாளில் ஒரு சொல்லையும் எழுதினார். ஊட்டச்சத்துக் குறைபாடு. அதையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டூட்டிங்கில் பாதிப் பேருக்குச் சோறு போட்டவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

பிறகு வந்த மாதங்களில் எடை மெல்ல ஏறியது. கடைசியாகப் பார்த்த அன்று, "ஒருநாள் வீட்ட வாங்கோ. ரெண்டு பேருக்குச் சமைச்சுப் பழகுவம்," என்றார்.

"ஏலாது அண்ணை. எங்களுக்கு விடமாட்டினம்," என்றேன். ஒரு விதியை மீறிய எனக்கு மற்றதை மீறத் துணிவு வரவில்லை.

இப்போது வேலை முழுவதும் தொலைபேசியில்தான். என்னோடு இருந்த மகளும் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். குட்மேய்ஸில் உள்ள என் வீட்டின் முன்னறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருக்கிறேன். யாருக்கும் என் பெயர் தெரியாது, ஓர் எண் மட்டும் உண்டு. போன மாதம் வந்த ஓர் அழைப்பில் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அண்ணைதான். ஆலோசகர் புதியவர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்குக் காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும் கீரையும் என்றார். இந்த முறை அது உண்மை என்று குரலிலேயே தெரிந்தது.

ஆலோசகரின் அடுத்த கேள்வியைத் தமிழில் கேட்டேன். "கூட இருந்து சாப்பிட ஆரும் இருக்கினமோ?"

"இல்லை, தங்கச்சி," என்றார்.

இல்லை என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். என்னை அடையாளம் கண்டுதான் தங்கச்சி என்றாரா, எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாரா, தெரியாது. கேட்கவும் முடியாது. அழைப்பு முடிந்து கருவியைக் கழற்றியபோது வீட்டில் பிரிட்ஜின் இரைச்சல் மட்டும் கேட்டது. மத்தியானம் இரண்டு மணி. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.