இடுப்பு வலியும் டீச்சர் மேல் வந்த சந்தேகமும்

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போய்ப் பரதம் கற்கிறேன். இடுப்பு உறுதிப்படவும் முதுகு நிமிரவும் பாயில் படுத்துச் செய்யும் பயிற்சிகளை டீச்சர் கொடுத்தார். நான் தினமும் எங்கள் லயத்து வீட்டு வாசலில், சிமெந்துத் தரையில் பாய் விரித்துச் செய்தேன். இரண்டு வாரத்தில் இடது இடுப்பு மட்டும் வலித்தது.

மேடை நிகழ்ச்சிக்கு எங்கள் வகுப்பில் மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். என்னைக் கழிக்கத்தான் இந்தப் பயிற்சியோ என்று சந்தேகம் வந்தது. "ஒனக்கும் இதேதான் குடுத்தாங்களா?" என்று வகுப்புத் தோழியிடம் துருவினேன். அவளுக்கும் அதேதான், ஆனால் வலி இல்லை. சந்தேகம் இன்னும் கூடியது. வகுப்பை விட்டுவிடவே நினைத்தேன்.

அன்று பயிற்சியின்போது என் கால் பட்டுத் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. தேத்தண்ணி பாய்க்குக் குறுக்கே ஓடி நேராக வாசலோரம் தண்ணீர் வடியும் கானில் விழுந்தது.

"மழத்தண்ணி ஓடத்தானே புள்ள சரிவா கட்டியிருக்கு. இதுலயா இத்தன நாளும் படுத்து எழும்புன?" என்று அம்மா சிரித்தார்.

என் இடது பக்கம் எப்போதும் பள்ளத்தில் இருந்திருக்கிறது.

அடுத்த வகுப்பில் வலியையும் சரிவையும் சொன்னேன். "வலிச்ச அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டீச்சர். நான் சந்தேகப்பட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இடத்தை மாற்றியதும் வலி போய்விட்டது. இப்போது உள்ளறைத் தரையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது ஓடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பாய் விரிக்கிறேன். எங்காவது வலித்தால், முதலில் டீச்சரிடம் சொல்கிறேன்.