இன்டர்வியூவுக்குச் சுவர் தயார் செய்தல்

1. தொழில்

கல்யாண போட்டோகிராபராக இருந்தேன். எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு மிஞ்சியது ஒரு சாம்பல் நிற ஸ்க்ரீன் துணியும் ரிங் லைட்டும். அவற்றை வைத்துக்கொண்டு பாகூர், வில்லியனூர் பக்கம் ஆன்லைன் இன்டர்வியூவுக்குப் பின்னணி செட் செய்து கொடுக்கிறேன். கேட்டால் தடித்த புத்தகங்களையும் கொண்டுபோய் அடுக்குவேன். அத்தனையும் நான் படித்தவை. படித்த எனக்கு வேலை கிடைக்கவில்லை. அவற்றின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் சுவரைக் காலி செய்யக் கற்க வேண்டும். காலண்டர், சாமி படம், செத்தவர் படம் எல்லாம் இறங்க வேண்டும்.

2. பாகூர் பக்கம் ஒரு வீடு

கலையரசி சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். மாமியார் வழுக்கி விழுந்து முட்டி உடைந்ததும் வேலையை விட்டுவிட்டார். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு அன்றுதான் கடைசிச் சுற்று இன்டர்வியூ. அது போனால் வேறு வழியில்லை என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

சுவரில் வெள்ளைச் சட்டையில் மாமனார் படம், பிளாஸ்டிக் மாலை, சின்ன சிவப்பு பல்பு. இறக்கினேன்.

"ஏம்பா, அவர இன்னாத்துக்கு எறக்குற?" என்றார் மாமியார்.

"ஒரு மணி நேரந்தாம்மா. இருந்தா வூடு மாதிரி தெரியும்."

"வூடுதான?"

படத்தைக் கூடத்தில் வைத்துவிட்டு, அது இருந்த வெள்ளைக் கட்டத்தை மறைத்துத் துணியைக் கட்டினேன்.

அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. நானும் மாமியாரும் வெளியே வாசற்படி ஓரமாக உட்கார்ந்தோம். அந்த அறைக்கு அது ஒன்றுதான் வழி. மாமியாரின் மடங்காத கால் வழியை அடைத்துக்கொண்டு நீண்டிருந்தது.

பத்து நிமிஷம் நன்றாகப் போயிற்று. பிறகு திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரி நிறுத்தினார். உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர் வெளியே போகட்டும், இல்லாவிட்டால் இன்டர்வியூவை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார்.

எட்டிப் பார்த்தேன். துணிதான் இருந்தது. மடிப்பில் வெளிச்சம் விழுந்தால் ஆள் மாதிரி தெரியும் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். காலையில்தான் அதை இஸ்திரி போட்டிருந்தேன்.

யாரும் இல்லை சார் என்று கலையரசி இரண்டு முறை சொன்னார். அதிகாரி நம்பவில்லை. கலையரசி காலியாக இருந்த பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"மாமா, செத்த நேரம் வெளிய இருங்க. இந்த வேல எனக்கு வேணும்."

அவர் எழுந்து வெளியே வருகிறார், நன்றி என்று அதிகாரி இங்கிலீஷில் சொன்னார்.

"இன்னா சொல்றான்?" என்று மாமியார் என்னிடம் கிசுகிசுத்தார்.

இங்கிலீஷ் தெரிந்த கர்வத்தில் அப்படியே மொழிபெயர்த்தேன். "எழுந்து வெளிய வராராம்."

மாமியார் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டரே மடக்கிப் பார்த்துத் தோற்ற அந்தக் காலை, பல்லைக் கடித்துக்கொண்டு, மடக்கி வழிவிட்டார்.

3. பாடம்

கலையரசிக்கு வேலை கிடைத்தது. இப்போதெல்லாம் ஆணியில் கை வைப்பதற்கு முன் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும் எண்ணிக்கையை நான் சரிபார்ப்பதில்லை.