மூன்றாவது நாற்காலி

முழங்கால் வலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்த அக்காவின் கால்கள், வலியை மறந்து இரண்டாம் மாடிக்கு ஏறின. மனநலப் பிரிவு. பத்தொன்பது வருஷம் அவள் துடைத்த தரை. அதே பினாயில் வாசனை. அதற்குக் கண் கலங்கும் ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

கோடியில் அந்த அறை. அப்போது அதில் மெத்தை போட்ட நாற்காலிகள் இரண்டு. உள்ளூர்க்காரர்கள் டாக்டர் எதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள், அழுவார்கள், தெளிந்து போவார்கள். மொழி தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்த நம்மாட்களுக்கு ஊசிதான். அதற்கும் மசியாவிட்டால் பூட்டு அறை. எட்டு வருஷம் அந்த நாற்காலிகளைத் துடைத்தவள், நம்மவர் ஒருவர்கூட அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பிறகு அந்த பஸ் டிரைவர் வந்தார். நம்மாள்தான், மனைவியைப் பறிகொடுத்தவர். பன்னிரண்டு நாளாக வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு அவர பூட்டு அறைக்கு மாத்துறோம். கழுவி வைங்க" என்றாள் நர்ஸ், உள்ளூர் மொழியில்.

அக்கா வாளியோடு நேராக டாக்டரிடம் போனாள்.

"உங்க ஆளுங்க பேச மாட்டாங்கம்மா. அது அவங்க சுபாவம்."

"எங்காளுங்களா? எங்க சந்தைப் பக்கம் வந்து பாருங்க டாக்டர், காது கிழிஞ்சிரும்! அவர் பாஷையில யாராவது ஒரு கேள்வி கேட்டீங்களா?"

"கேக்க ஆளில்லையே."

"தெனமும் உங்க காலடியில தொடைக்கிறேனே, நான் ஆளில்லையா?"

டாக்டர் கெட்டவர் அல்ல. நோயாளியின் மொழி தெரியாததை நோயாளியின் குணம் என்று எழுதப் பழகியிருந்தார், அவ்வளவுதான். அந்த அநியாயத்துக்குக் கெட்டவர்கள் தேவைப்படவில்லை.

அக்கா டிரைவரை அழைத்து வந்து டாக்டர் எதிரே உட்காரவைத்தாள். நடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து இருவருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

அக்கா வாளியைக் காட்டினாள்.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே, இன்னும் ரெண்டு ஹால் பாக்கி கெடக்கு."

டிரைவரின் உதடு லேசாக அசைந்தது. "அவ போன அன்னிக்கும் ரெண்டு டிரிப் அடிச்சேன் தங்கச்சி. லீவு தர மாட்டேன்னுட்டாங்க."

சொல்லிவிட்டு உடைந்து அழுதார். அக்கா ஒரு சொல் விடாமல் டாக்டரிடம் சொன்னாள். கழுவி வைத்த பூட்டு அறை மறுநாள் காலியாகவே இருந்தது.

அதன்பின் வாரம் தவறாமல் மனு எழுதினாள்: 'துடைக்கிறவளின் தயவில் வைத்தியம் நடக்கக் கூடாது. மொழிபெயர்க்கச் சம்பளத்துக்கு ஆள் போடுங்கள்.' ஆள் வர நான்கு வருஷம் ஆனது.

இப்போது எட்டிப் பார்த்தாள். அறையில் யாருமில்லை. மூன்று நாற்காலிகள், மூன்றாவதிலும் மெத்தை. கைப்பிடியில் விரலை ஓட்டினாள். தூசி.

"என்ன லட்சணத்துல தொடைக்கிறாளுங்களோ!"

முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள்.