செங்கோடனும் இரண்டு கறுப்புத் தகடுகளும்

செங்கோடன் இறந்த செய்தி நம் பழைய பட்டறைக் குழுவின் வாட்ஸப்பில் காலையில் வந்தது. முந்தின நாள் சாயங்காலம், காளப்பநாயக்கன்பட்டியில் தன் வீட்டில், மாரடைப்பு. நீங்கள் எல்லாரும் கைகூப்பிய படங்களைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் இரண்டு முறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. வெட்கக்கேடுதான். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பத்துப் பேர் சேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார் செய்தபோது அதன் உருவத்தை வரைந்தவள் நான். காற்று அதன்மேல் எப்படிப் போகிறது என்று பார்த்தவர் செங்கோடன். எதையும் எளிதில் நம்பாத மனிதர். டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ரோட்டோரம் நிற்கும் எந்தக் காரானாலும் பம்பரில் ஓட்டை தெரிந்தால் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் முட்டிக்கொண்டால், "இது காத்துக்கு இல்லீங்க, கண்ணுக்கு" என்பார். வண்டிக்காரர் முறைத்தாலும் சட்டை செய்ய மாட்டார்.

முதல் கார் தயாரானதும் அதன் முன்னால் பெரிய ஃபேனை வைத்து, ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு சுற்றி வந்தார். பூசை நடக்கிறது என்று நீங்கள் கிண்டல் செய்தது நினைவிருக்கலாம். புகை கூரையோடு ஒட்டிப் போய் பின்னால் இருந்த இறக்கைமேல் ஏறியது. தலையாட்டிக்கொண்டார். பிறகு முகப்புக்கு வந்தார். ஹெட்லைட்டுகளுக்குக் கீழே நான் இரண்டு அகன்ற வாய்கள் வரைந்திருந்தேன். முன்சக்கர பிரேக் சூடேறாமல் இருக்கக் காற்று அந்த வழியாகத்தான் போக வேண்டும். புகை அந்த வாய்களை மூடிய கறுப்புக் கம்பி வலையில் பட்டுத் திரும்பி வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். உள்ளே காற்றுக்குழாய் வைப்பதென்றால் ஹெட்லைட்டை ஒரு விரல் அளவு தூக்க வேண்டும். வண்டி மூக்கின் கோடு கெட்டுவிடும். அந்தக் கோட்டுக்காக நான் எட்டு மாதம் உழைத்திருந்தேன். அதனால் வலைக்குப் பின்னால் கறுப்புத் தகடு வைத்து அடைத்துவிட்டேன். இது காட்டுவதற்கான வண்டிதானே, விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஃபேன் காற்று போதவில்லை என்று அவரிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊதுபத்தியை அணைத்தார்.

அன்றிலிருந்து, கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்கு அவர்மேல் சந்தேகம். அவர் பட்டறை முதலாளியின் அறைக்குள் போனால் எனக்கும் அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். அவர் சிரித்துப் பேசினால் வாயைப் பிடுங்குகிறார் என்று தோன்றும்.

விளம்பரப் படத்துக்காகக் கொல்லிமலைக்குப் போனோம். செம்மேட்டிலிருந்து எழுபது வளைவும் வேகமாக இறங்க வேண்டும். நடக்கப் பழகிய காலத்திலிருந்து தெரிந்த ரோடு, தானே ஓட்டுவதாகச் செங்கோடன் சொன்னார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஏன் என்னை என்று யோசித்தேன். மாட்டேன் என்றால் என்னை நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று ஏறிக்கொண்டேன்.

பாதி மலை இறங்குவதற்குள் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்காமல் பெடல் அடிவரை போயிற்று. எதிரே இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் பள்ளம். செங்கோடன் கியரைக் குறைத்துக்கொண்டே வண்டியை மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினார். இறங்கிப் போய் வலையைக் கழற்றி விரலை விட்டார். முட்டியது. இரண்டு தகடுகளையும் பெயர்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

"எனக்குச் சந்தேகம் வந்துச்சுங்க. ஆனா அடைச்சு வெச்சிருந்தா நீங்க வண்டீல ஏறமாட்டீங்கன்னு நெனச்சேன். ஏறுனீங்க, நம்பிட்டேன்."

பின்னால் மெதுவாக வந்த வண்டியில் முதலாளியும் நீங்களும் வந்து சேர்ந்தீர்கள். செங்கோடன் சொன்னது உங்கள் எல்லாருக்கும் கேட்டது. "காத்து வழி என்ர பொறுப்புங்க. நாந்தான் கோட்டை உட்டுட்டேன்." அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரிடமிருந்து வாழ்த்து வரும். கூடவே ஏதாவது ஒரு காரின் போலி ஓட்டைப் படம், "இதும் சும்மாதானுங்க" என்ற வரியோடு. ஒவ்வொன்றையும் மிரட்டல் என்றே படித்தேன். தகடுகள் அவர் கையில்தானே இருக்கின்றன, என்றைக்காவது எடுத்து நீட்டுவார் என்று ஆறு வருடம் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என்னைக் கிணற்றடிக் கட்டிலில் உட்கார வைத்தார். எதிரே மோட்டார் சுவிட்ச் பெட்டி. அதன் தலையில் சாய்வாக இரண்டு கறுப்புத் தகடுகள். திருகாணித் துளைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு விஷயம் தெரியுமோ என்று முகத்தைப் பார்த்தேன். நான் பார்த்த திசையைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்.

"பழைய கார்ல இருந்து கொண்டாந்தாருங்க. நல்ல தகடு, மழைக்கு ஆகும்னு அன்னிக்கே அடிச்சு வெச்சுட்டாரு."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது வழக்கம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விரல் பழக்கம். என் கையால் வரைந்த எந்த ஓட்டையையும் இப்போது விரலை விட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை. ஆனால் நீங்கள் இன்றும் கொல்லிமலையில் பிரேக் போனது செங்கோடனின் தவறு என்றுதான் பேசிக்கொள்கிறீர்கள். தகடு வைத்து அடைத்தவள் நான். தெரிந்தே அந்த வண்டியில் ஏறியவளும் நான். டீ டம்ளரைக்கூட நம்பாத மனிதர், பார்க்காமல் நம்பியது என்னை மட்டும்தான்.